ஃபைபர் கேபிள்: மரத்தில் கட்டுவதா, மண்ணில் புதைப்பதா? குமரி மாவட்ட வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கேட்டால், வருகிற ஆட்கள் முதலில் மின்கம்பத்தைப் பார்ப்பார்கள். அடுத்து உங்கள் தென்னையைப் பார்ப்பார்கள். சாலையோரக் கம்பத்திலிருந்து முதல் தென்னைக்கு, அங்கிருந்து அயனி மரத்துக்கு, அப்புறம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு என்று கறுப்புக் கேபிளை இழுத்துக் கட்டிவிட்டுச் சில மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். அன்று மாலையே வீட்டில் இணையம் ஓடும். அடுத்த மழைக்காலம் வரை பெரும்பாலும் பிரச்சினை இருக்காது.

நம் வீடுகள் அமைந்திருக்கும் விதம் வேறு. விளவங்கோடு, கிள்ளியூர், கல்குளம், திருவட்டார் வட்டங்களில் பல வீடுகள் தெருவை ஒட்டி வரிசையாக இல்லை. ஒவ்வொன்றும் தன் விளைக்குள், அதாவது வீட்டைச் சுற்றியுள்ள தோட்டத்துக்குள், சாலையிலிருந்து 50 மீட்டர், 80 மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல் உள்ளே தள்ளி நிற்கிறது. இடையில் தென்னை, ரப்பர், வாழை, பலா எல்லாம் உண்டு. அதனால் பெருநகர வாசகர்களுக்காக எழுதப்படும் இணையக் குறிப்புகள் நமக்குப் பாதிதான் உதவும். சென்னையில் ஃபைபர் கேபிள் கடக்க வேண்டியது ஒரு மதில் மட்டுமே. இங்கே அது ஒரு தோப்பையே கடந்து வர வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த வீடு, சொந்த நிலம் என்றால், சாலையில் வரும் பகுதியை நிறுவனத்திடமே விட்டுவிடுங்கள். அது கம்பத்தில்தான் வரும், வரட்டும். உங்கள் கேட்டிலிருந்து வீட்டுச் சுவர் வரையுள்ள தூரத்தை மட்டும் குழாய் போட்டு மண்ணுக்கடியில் கொண்டுபோங்கள். புதைக்க வேண்டியது குழாயைத்தான். கேபிள் அதற்குள் வந்து போகிற பொருள், என்றைக்கு வேண்டுமானாலும் அதை உருவி மாற்றலாம். பாறை நிலம், தொடர்ச்சியான காம்பவுண்டுச் சுவர் உள்ள வீடு, வாடகை வீடு, பாகப்பிரிவினை முடியாத நிலம் ஆகிய நான்குக்கும் வேறு பதில் உண்டு. அவற்றையும் பார்ப்போம்.

வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை

'மண்ணுக்குள் போட்டால் ஸ்பீடு கூடுமா?' என்று கேட்பவர்கள் நிறைய. கூடாது, குறையவும் செய்யாது. வீட்டு ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் என்ற முறையில் ஓடுகிறது. ஒரே கண்ணாடி இழையில் விநாடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட் கீழ்நோக்கியும் 1.25 ஜிகாபிட் மேல்நோக்கியும் வருகிறது. அதை ஸ்ப்ளிட்டர் என்ற சிறு பெட்டி 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இந்த ஒளி 20 கிலோமீட்டர் வரை போகும். 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு கிலோமீட்டருக்கு இழப்பு சுமார் 0.35 டெசிபல்தான். உங்கள் விளைக்குள் கூடுதலாக 100 மீட்டர் சுற்றி வந்தாலும் இழப்பு 0.04 டெசிபலைத் தாண்டாது, கருவியில் தெரியக்கூடத் தெரியாது.

ஒளியை உண்மையில் தின்பவை மூன்று: கூர்மையான மடிப்பு, அழுக்கான அல்லது பொருந்தாத கனெக்டர், மோசமான இணைப்பு. பச்சைத் தலையுள்ள கனெக்டரை நீலத் துளையில் செருகினால் அந்த ஒரு இடத்திலேயே பல டெசிபல் போய்விடும். அதனால் மேலே போடுவதா கீழே போடுவதா என்பது வேகத்தைப் பற்றிய முடிவு அல்ல. எத்தனை முறை அறும், அறுந்தால் எவ்வளவு நேரம் முடங்கிக் கிடப்போம் என்பதுதான் கேள்வி.

மேலே போகும் கேபிள்

மேலே இழுப்பதன் உண்மையான நன்மை, அறுந்தால் அறுந்த இடம் கண்ணுக்குத் தெரியும். ஆள் வந்தவுடன் புதுத் துண்டு இழுத்துக் கட்டிவிடலாம். செலவும் பெரும்பாலும் இணைப்புக் கட்டணத்துக்குள் அடங்கிவிடும். நிலத்தைத் தோண்ட வேண்டியதில்லை, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தெருவை ஒட்டிய வீடு, கம்பத்திலிருந்து 15, 20 மீட்டர், நடுவில் மரமே இல்லை என்றால் இதுவே போதும். நாகர்கோவில் நகருக்குள்ளும், குளச்சல், முட்டம், கடியபட்டணம் போன்ற கடலோர ஊர்களின் நெருக்கமான தெருக்களிலும் இதைத் தவிர வேறு வழி தேடுவது வீண் வேலை.

தோப்புக்குள் கதை வேறு. தேங்காய் வெட்டு சுமார் 45 நாளைக்கு ஒருமுறை வரும். குலையும் மட்டையும் கேபிளின் மேல் விழாமல் வெட்டுவது மரமேறுபவரின் வேலை இல்லை, அவரைக் குறை சொல்லவும் முடியாது. தானாகக் காய்ந்து விழும் மட்டை நேரம் காலம் பார்ப்பதில்லை. அணில் கடிக்கும். ஆனி, ஆடிக் காற்றில் மரம் ஒரு பக்கம் ஆட, சுவரில் கட்டிய முனை அசையாமல் நிற்க, கட்டிய இடத்தில் கேபிள் தேய்ந்துகொண்டே இருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன.

ரப்பர் தோட்டத்துக்குள் வீடு இருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பால் வற்றிய மரங்களை ஒருநாள் மொத்தமாக வெட்டி மறுநடவு செய்வார்கள். மரத்தை நம்பிக் கட்டிய கேபிள் அன்றோடு போய்விடும்.

இடி விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். ஐப்பசியில் மாலை தவறாமல் இடி மின்னல் வரும் ஊர் நம்முடையது. பழைய செம்புக்கம்பித் தொலைபேசி இணைப்பில் மின்னல் பாய்ந்து மோடம் கருகியது பலருக்கு நினைவிருக்கும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, எனவே அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு மேலே தொங்கி வரும் டிராப் கேபிளின் பக்கவாட்டில் அதைத் தாங்குவதற்கென்று ஓர் எஃகுக் கம்பி ஓடும். அந்தக் கம்பியைக் கேபிளிலிருந்து உரித்து வெளிச்சுவரிலேயே கொக்கியில் கட்டி நிறுத்திவிட வேண்டும். அதையும் சேர்த்து வரவேற்பறைக்குள் கொண்டுவருவது தவறு. கேபிள் போடும்போது பக்கத்தில் நின்று இதை ஒருமுறை சொல்லிவிடுங்கள். கடலோரத்தில் அதே எஃகுக் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து இற்றுப்போகும். அங்கே எஃகுக்குப் பதில் கண்ணாடி நார் கம்பி வைத்த கேபிள் கிடைக்குமா என்று கேட்கலாம்.

ஒக்கிப் புயலை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 2017 நவம்பர் 30 அன்று நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. ரப்பரும் வாழையும் அயனியும் வேரோடு விழுந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பவே நாட்கள் ஆயின. அப்படி ஒரு நாளில் உங்கள் விளைக்குள் புதைத்த 80 மீட்டர் குழாய் பத்திரமாகவே இருக்கும், ஆனால் சாலையில் கம்பமே இருக்காது. கருங்கல் ஊர்ப் பக்கம் இருக்கும் என் மாமி இதைத்தான் கேட்டார்: "மக்கா, ரோட்டில கம்பம் விழுந்தா எல்லாருக்கும்தான் நெட் போவும். பின்ன நம்ம விளைக்குள்ள மட்டும் எதுக்குக் குழி?"

நியாயமான கேள்வி. "ரோட்டில அறுந்தா அம்பது வீட்டுக்கு அறும் மாமி, கம்பெனிக்காரன் அவனாவே ஓடி வருவான். விளைக்குள்ள அறுந்தா உங்களுக்கு மட்டும்தான் அறும். உங்க புகார் வரிசையில கடைசியா நிக்கும்" என்றேன். புதைப்பதற்கு என்னிடம் உள்ள முதன்மையான காரணம் இதுதான். பெரும்புயலிலிருந்து அது உங்களைக் காக்காது. வருடம் முழுக்க நடக்கும் சின்னச் சின்ன அறுதல்களிலிருந்து காக்கும். நம் ஊரில் இணையம் நிற்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட அறுதல்களால்தான்.

கேபிளை நேரடியாக மண்ணில் போடுவது

எஃகுத் தகடு சுற்றிய கவசக் கேபிளைக் குழாய் இல்லாமலே மண்ணில் புதைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கேபிள் கவசமானதாகவே இருந்தால் அது நிற்கும். பிரச்சினை, அதில் ஒரு அறுவு வந்தால் என்ன செய்வது என்பது. மீண்டும் முழுத் தூரத்தையும் தோண்ட வேண்டும், அல்லது அறுந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து மண்ணுக்குள்ளேயே ஒரு ஜாயின்ட் போட வேண்டும். மண்ணுக்குள் ஜாயின்ட் இருந்தால் நம் மழையில் அதற்கு ஆயுள் குறைவு. எஃகுக் கவசத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மேலே சொன்ன மின்னல் கவலையும் திரும்ப வந்துவிடும்.

இதைவிட மோசமானது, மேலே தொங்கவிடும் சாதாரணத் தட்டை டிராப் கேபிளை முக்கால் அடிப் பள்ளத்தில் போட்டு மூடுவது. ஆள் வந்த அன்றே வேலை முடிந்துவிடும் என்பதால் பலர் இதற்குச் சம்மதிக்கிறார்கள். அந்த உறை ஈரத்தில் ஊறிக் கிடப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. கறையான், எலி, பெருச்சாளி மூன்றும் நம் மண்ணில் உண்டு. மலையடிவாரத்தில் முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் வரும். வாழைக்குத் தடம் எடுக்கும் மண்வெட்டி ஒரே வெட்டில் அதை முடித்துவிடும். இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

குழாய் போட்டு அதற்குள் கேபிள்

வேலையும் செலவும் இதில்தான் கூடுதல். ஆனால் ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் அப்புறம் பல வருடம் இதைப் பற்றி நினைக்க வேண்டாம். நிறுவனத்தை மாற்றினால் பழைய கேபிளை உருவிவிட்டுப் புதியதை இழுத்துக்கொள்ளலாம். தொழில்நுட்பமே மாறினாலும் குழாய் இருக்கும். செலவில் பெரிய பங்கு குழாய்க்கு அல்ல, தோண்டும் கூலிக்குத்தான். ஆகவே குழாயில் மிச்சம் பிடிக்க நினைப்பதில் பொருளில்லை.

எந்தக் குழாய்? எலக்ட்ரிக்கல் பிவிசி பைப் 3 மீட்டர் நீளத்தில் வரும். 80 மீட்டருக்கு 27 துண்டு, 26 ஜாயின்ட். ஒவ்வொரு ஜாயின்டும் மண்ணும் வேரும் நுழையும் இடம், கேபிள் இழுக்கும்போது தட்டி நிற்கும் இடம். அதைவிடக் கிணற்று மோட்டாருக்குப் போடும் கறுப்பு ஹெச்டிபிஇ ஹோஸ் நல்லது. சுருளாக நீளமாகக் கிடைக்கும், நடுவில் ஜாயின்டே இல்லாமல் ஒரே ஓட்டமாகப் போட்டுவிடலாம். வேர் அழுத்தினாலும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். 25 மில்லிமீட்டர் போதும், 32 என்றால் இன்னும் நிம்மதி. தலை ஏற்கெனவே பொருத்திய கேபிளும் தாராளமாக நுழையும், பின்னால் இன்னொரு கேபிளுக்கும் இடம் இருக்கும்.

ஆழம் பற்றி நிறையக் கருத்து உண்டு. நான் ஆழத்தைவிடப் பாதையைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். மரச்சீனிக் கிழங்கு பிடுங்க ஒரு அடி தோண்டுவோம், வாழைக்கு ஒன்றரை அடிக்கு மேல் குழி எடுப்போம், தென்னைக்கு மூன்று அடி. ஆக, விளையின் நடுவில் குறுக்காகக் குழாய் போட்டால் இரண்டு அடி ஆழத்தில் இருந்தாலும் ஒருநாள் மாட்டிக்கொள்ளும். நடைபாதையின் ஓரமாகவோ, எல்லைக் கய்யாலைச் சுவரின் அடியை ஒட்டியோ போட்டால் ஒன்றரை அடி போதும், அங்கே யாரும் எதையும் நடப் போவதில்லை. பத்து மீட்டர் கூடுதலாகச் சுற்ற வேண்டி வந்தாலும் பரவாயில்லை. கார் ஏறும் இடத்தில் மட்டும் இரண்டு அடிக்குக் கீழே இறக்கி மேலே கொஞ்சம் காங்கிரீட் போடுங்கள். வீட்டுக்குப் போகும் மின்கேபிள் அதே பக்கமாக மண்ணுக்குள் வந்தால் ஒரு அடி இடைவெளி விடுங்கள். செப்டிக் டேங்கையும் அதன் உறிஞ்சுகுழியையும் விட்டு விலகிப் போங்கள்.

வளைவுகளில்தான் பெரும்பாலான குழாய்கள் கெட்டுப்போகின்றன. பிளம்பரிடம் வேலையைக் கொடுத்தால் தண்ணீர்க் குழாய்க்குப் போடுவதைப் போலவே சட்டென்று திரும்பும் எல்போவைப் போட்டுவிடுவார். தண்ணீர் திரும்பிவிடும், கேபிள் திரும்பாது. இப்போது வீடுகளுக்கு வரும் இழை 10 மில்லிமீட்டர் ஆரம் வரை வளைத்தாலும் தாங்கும் வகை என்பது உண்மைதான். ஆனால் நீளமான குழாய்க்குள் இழுக்கும்போது எல்போவின் உள்விளிம்பில் உரசி, சிக்கி, நசுங்குவது வேறு விஷயம். ஹெச்டிபிஇ ஹோஸை அகலமாக வளைத்தே போடலாம். கட்டாயம் செங்குத்தாகத் திரும்ப வேண்டிய இடத்தில் மூடியுள்ள சிறு சேம்பர் ஒன்று கட்டிவிடுங்கள். முழு ஓட்டத்திலும் பெரிய வளைவு இரண்டுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு சேம்பர் இல்லாமல் இருக்கக் கூடாது.

குழாய் போடும்போதே அதற்குள் நைலான் கயிறு ஒன்றை ஓடவிட்டு இரு முனையிலும் கட்டி வையுங்கள். கேபிள் இழுக்கும்போது அந்தக் கயிற்றோடு இன்னொரு கயிறும் சேர்ந்து உள்ளே போக வேண்டும், அது அடுத்த தடவைக்கு. கயிற்றைக் கேபிளின் தாங்கு கம்பியில் கட்டி இழுக்கச் சொல்லுங்கள். கனெக்டரைப் பிடித்து இழுத்தால் இழை உள்ளேயே நொறுங்கும்.

மேடு பள்ளமான நம் ஊரில் இன்னொரு ஆபத்து உண்டு. அதைப் பலர் யோசிப்பதில்லை. அருமனை, குலசேகரம், திற்பரப்புப் பக்கம் நிறைய வீடுகள் சாலையை விடத் தாழ்வாக இருக்கும். மேலே சாலை மட்டத்தில் திறந்திருக்கும் குழாயில் மழைநீர் இறங்கினால், அது நேராக உங்கள் சுவருக்குள் வந்து கொட்டும். அதனால் வீட்டு முனையைச் சுவருக்குள் நேராகச் செருகாமல், வெளிச்சுவரில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பெட்டி வைத்து அதில் முடியுங்கள். பெட்டியிலிருந்து உள்ளே போகும் கேபிள் சற்றுத் தொங்கி அப்புறம் மேலேறி உள்ளே நுழையட்டும், வழியும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். சுவர்த் துளை உள்ளிருந்து வெளியே சரிவாக இருக்க வேண்டும். குழாயின் இரு முனையையும் ஃபோம் அல்லது அடைப்புக் களிம்பால் அடையுங்கள். எறும்பும் எலியும் பல்லியும் நுழையாமல் இருக்கவும் அதுதான் வழி. பெட்டிக்குள் மூன்று, நான்கு மீட்டர் கேபிளைச் சுருட்டி வைத்தால் பின்னால் முனையில் பழுது வந்தாலும் வெட்டிப் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம்.

குழியை மூடும்போது குழாய்க்கு மேல் அரையடி மண் போட்டு, அதன் மேல் மஞ்சள் அல்லது சிவப்பு எச்சரிக்கை நாடா ஒன்றை விரித்துவிட்டு மீதியை மூடுங்கள். இரும்பு இல்லாத குழாயையும் கண்ணாடிக் கேபிளையும் உலோகம் தேடும் கருவி கண்டுபிடிக்காது. மூடுவதற்கு முன் டேப் பிடித்து, சுவர் மூலையிலிருந்து எத்தனை அடி, கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று அளந்து, அந்த அளவு தெரியும்படி போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். வீட்டுப் பத்திரத்தோடு ஒரு பிரதி இருக்கட்டும்.

உங்கள் மண் எது?

மேற்குப் பக்கம், மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை வட்டாரத்தில் செம்மண், அதன் கீழே செம்பாறை. பங்குனி வெயிலில் அதைத் தோண்டுவது ஆளுக்கும் கஷ்டம், கூலியும் ஏறும். இரண்டு மழை பெய்து நனைந்தபின் தோண்டினால் பாதி வேலைதான். ஆனால் நமக்கு இரண்டு பருவமழை உண்டு. ஆனி, ஆடியிலோ ஐப்பசி, கார்த்திகையிலோ குழியைத் திறந்து வைத்தால் நிரம்பி நிற்கும். சித்திரைக் கோடைமழை ஒன்றிரண்டு விழுந்த கையோடு தோண்டுவது எனக்குப் பிடித்த நேரம்.

நாஞ்சில் நாட்டு வயலோர ஊர்களில், பூதப்பாண்டி, சுசீந்திரம், தேரூர்ப் பக்கம் களிமண் அதிகம். மழையில் குழாய்க்குள் தண்ணீர் நிற்பது அங்கே தவிர்க்க முடியாதது. இங்கு மட்டும் கேபிள் விஷயத்தில் கறாராக இருங்கள். வெளிப்புறத்துக்கென்று செய்த, பாலிஎத்திலீன் உறை போட்ட கேபிள் வேண்டும். குழாய்க்குள் ஜாயின்ட் கூடவே கூடாது. கடலோர மணலில் தோண்டுவது மிக எளிது. கரை சரிந்து குழி மூடிக்கொள்ளும் என்பதால் தோண்டத் தோண்டவே குழாயை இறக்கிவிட வேண்டும்.

மலையடிவாரத்தில் அரையடியில் பாறை தட்டினால் அதை உடைக்கப் பணம் போடாதீர்கள். அங்கே மேலே போவதே சரி, ஆனால் மரத்தில் வேண்டாம். இரும்புக் குழாய்க் கம்பம் இரண்டு மூன்று நட்டு, வீட்டுக்கு வரும் வாகனம் தட்டாத உயரத்தில், தென்னையின் கீழ் வராத பாதையில் கொண்டுபோங்கள். காம்பவுண்டுச் சுவர் தொடர்ச்சியாக இருந்தால் இன்னும் சுலபம். சுவரின் உட்பக்கம் கறுப்பு ஹோஸைக் கிளாம்பு அடித்து ஓட்டிவிடலாம். வெள்ளை பிவிசி வெயிலில் சில வருடத்தில் நொறுங்கும், கறுப்பு தாக்குப்பிடிக்கும். தோண்டும் கூலி முழுவதும் மிச்சம், பழுது வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். நல்ல சுவர் இருக்கும் வீட்டுக்குப் புதைப்பதைவிட இதையே நான் முதலில் சொல்வேன்.

கேபிளே வேண்டாம் என்றால்

2023-இல் ஜியோவும் ஏர்டெல்லும் ஏர்ஃபைபர் என்ற பெயரில் 5ஜி வழி வீட்டு இணையத்தைத் தொடங்கின. மாடியில் ஒரு பெட்டி வைப்பார்கள், தோண்டவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். வாடகை வீட்டுக்காரருக்கும், பாசனச் சானலின் (கால்வாயின்) அக்கரையில் வீடு இருப்பவருக்கும், பாகப்பிரிவினை முடியாமல் வழியே தகராறில் இருக்கும் நிலத்துக்காரருக்கும் இது நல்ல வழி. அறைக்குள் இருந்து படம் பார்க்கவும் பாடம் கேட்கவும் போதும்.

எனக்குள்ள தயக்கம் இரண்டு. ஒன்று, மேல்நோக்கிப் போகும் வேகம். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளோடு தினமும் வீடியோ அழைப்பு, வயதான பெற்றோர் தனியே இருக்கும் வீட்டில் கேமரா, வீட்டிலிருந்தே வேலை இவை எல்லாமே நாம் அனுப்புவதை நம்பித்தான் நடக்கின்றன. கோபுரத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் மாலை நேரத்தில் அங்கேதான் முதலில் இழுக்கும்.

இன்னொன்று ரப்பர். 5ஜி-க்குப் பரவலாகப் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையை ஈர இலை நன்றாகவே தடுக்கும். ரப்பர் மரம் மார்கழி முதல் மாசி வரை இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். அந்த மாதங்களில் ஆள் வந்து சிக்னல் பார்த்தால் அருமையாக இருக்கும். ஆனியில் தோட்டம் தழைத்து மழையும் பெய்யும்போது அதே பெட்டி தடுமாறலாம். தோட்டத்துக்கு நடுவில் வீடு இருப்பவர்கள் இலை அடர்ந்த காலத்தில், மழை பெய்யும் ஒரு மாலையில் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நீண்ட காலத் திட்டத்துக்கு அதற்கு முன் பணம் கட்ட வேண்டாம்.

மின்சாரம் போனால் இரண்டு வகைப் பெட்டியும் அணைந்துவிடும். ரூட்டரை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள், அல்லது 12 வோல்ட் சிறு யுபிஎஸ் வாங்கிவிடுங்கள்.

தோண்டும் முன் கேட்க வேண்டியவை

உங்கள் நிலத்துக்குள் தோண்ட யார் அனுமதியும் வேண்டாம். பொதுச்சாலையை நீங்களாக வெட்டக் கூடாது. அது ஊராட்சியோ மாநகராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ யாருடைய சாலையோ அவர்களிடம் நிறுவனம்தான் அனுமதி வாங்க வேண்டும். அதற்கென 2024-இல் வந்த வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கின்றன. 'சாலையையும் சேர்த்து அடியில் கொண்டுவருகிறோம்' என்று யாராவது சொன்னால், அனுமதி யார் பேரில் என்று கேளுங்கள். நான்கு வழிச்சாலை வேலை, குடிநீர்க் குழாய் வேலை, நாகர்கோவிலில் பாதாளச் சாக்கடை வேலை என்று நம் சாலைகளில் ஜேசிபி ஓயாமல் இறங்குகிறது. சாலைக்கடியில் போன கேபிளையும் அது விட்டுவைப்பதில்லை. சாலைப் பகுதியைக் கம்பத்திலேயே விடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பங்காளிகளின் நிலம் வழியாகவோ பொது நடைபாதை வழியாகவோ குழாய் போக வேண்டியிருந்தால், இன்றைக்கு நல்ல உறவாக இருந்தாலும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் அவர்களுக்கும் சேர்த்து இரண்டு குழாயாகப் போட்டுவிடுங்கள். கூலி இருவருக்கும் பாதியாகும், நாளைக்கு அந்தக் குழியை யாரும் எதிர்க்க மாட்டார்கள்.

கேபிள்காரரிடம் குழி வெட்டுவதற்கு முன்பே பேசுங்கள். வீட்டு முனையில் ஒளியின் அளவு எத்தனை டிபிஎம் என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15-க்கும் மைனஸ் 24-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் எங்கோ ஒரு மடிப்போ மோசமான ஜாயின்டோ இருக்கிறது, அதைச் சரிசெய்த பிறகுதான் அவரை அனுப்ப வேண்டும். உங்கள் குழாயில் கேபிள் இழுக்க அவர் தயாரா, பழுது வந்தால் அந்தப் பகுதிக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சிலர் 'குழாய்க்குள் என்றால் எங்கள் பொறுப்பு இல்லை' என்பார்கள். கயிறு உள்ளே இருக்கிறது, இருபது நிமிட வேலை என்று காட்டினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

வீடு இப்போதுதான் கட்டுகிறீர்கள் என்றால் இவ்வளவு யோசனையே தேவையில்லை. தண்ணீர்க் குழாய்க்கு வெட்டும் அதே குழியில், அதற்குப் பக்கத்திலேயே ஒரு காலி ஹோஸைக் கேட்டிலிருந்து வீட்டுச் சுவர் வரை போட்டு, கயிறு விட்டு, இரு முனையையும் அடைத்து வைத்துவிடுங்கள். கொத்தனாரிடம் தளம் பூசுவதற்கு முந்தைய நாளாவது சொல்லிவிட வேண்டும்.